விற்காத மாட்டுக்கு விலை

இவ்வளவு நேரம் கழித்து போஸ்ட் போடுவதற்கு மன்னிக்கணும். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். (மூச்சு வருகிறதா என்று மூன்று தடவை பார்த்தாயிற்று. முதல் குழந்தை, அப்படித்தான்.)

சேரப்பணஞ்சேரியில் ஒரு மாட்டுப் பண்ணையில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். ஒரகடம் ஃபேக்டரி கேன்டீன்களுக்குப் பால் போகிறது.

1991-ல் ஆரம்பித்த பண்ணை. அன்றிலிருந்து, மாட்டை வாங்கிய விலைதான் கணக்கில் நிற்கும். இங்கேயே பிறந்த கன்றுக்குப் பூஜ்யம்!

இப்போது ஒரு வெளிநாட்டுக் கம்பெனி பங்கு எடுக்க வருகிறது. சர்வதேசக் கணக்கு முறையில் பேலன்ஸ் ஷீட் வேண்டுமாம். அதாவது ஒவ்வொரு மாடும் கன்றும் இன்றைக்குச் சந்தையில் என்ன விலை போகும் என்று காட்ட வேண்டும். நாளை காலை பத்து மணிக்கு ஆடிட்டர் வருகிறார்.

மாடுகளைப் பார்த்துக்கொள்வது கன்னியம்மாக்கா. சந்தை விலை அவருக்கு அத்துப்படி. இன்று காலையில் நோட்டோடு போய் நின்றேன்.

தினம் பதினெட்டு லிட்டர் கறக்கும் மல்லியில் ஆரம்பித்தோம்.

"அதுவா? பன்னெண்டாயிரம் போட்டுக்கோமா. காலு சரியில்ல, எவன் வாங்குவான்?"

பால் வற்றிப்போய், கிட்டே போனால் உதைக்கிற மூக்கி?

"எம்பத்தஞ்சாயிரம். தங்கமான மாடு."

ஒரு பக்கம் எழுதிய பிறகுதான் எனக்கு உறைத்தது: விற்கப்போகிறார்கள் என்று நினைத்து, நல்ல மாட்டை மட்டம் தட்டி, ஆகாததைத் தள்ளிவிடப் பார்க்கிறார். (பி.காம். ஃபர்ஸ்ட் கிளாஸ், நம்புங்கள்.) எதையும் விற்கப்போவதில்லை, இது வெறும் கணக்குக்குத்தான் என்றேன்.

"விக்கறதுக்கு இல்லன்னா இன்னாத்துக்குமா வெல கேக்கற?"

அந்தக் கணக்கு முறையின் ஸ்டாண்டர்டை முழுசாகப் படித்தவள் நான். அதில் இந்தக் கேள்வியே இல்லை.

அக்கா முன்பு வேலை பார்த்த மண்ணூர் பண்ணையிலும் ஒருத்தர் இப்படித்தான் நோட்டோடு வந்து மாட்டுக்கு மாடு விலை கேட்டாராம். அடுத்த மாதம் கொட்டகை இருந்த இடத்தில் குடோன். மாடும் போச்சு, வேலையும் போச்சு.

நேராக முதலாளியிடம் போய், மாட்டை விற்கிற எண்ணம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். வருகிற பணத்தில் இன்னும் இருபது மாடு வாங்கப்போகிறேன் என்றார். கொட்டகைக்கே வந்து அக்காவிடமும் அதைச் சொன்னார்.

"வாயால சொல்றது வாணா சார். அந்த நோட்டுலயே எழுதி கையெழுத்து போட்டுக் குடு."

முதலாளி புதுப் பக்கம் ஒன்றின் தலையில் பெரிதாக எழுதினார்: 'இந்த மாடுகள் விற்பனைக்கு அல்ல.' கீழே கையெழுத்து.

அரை மணி நேரத்தில் நாற்பத்திரண்டு மாடு, பதினோரு கன்று, எல்லாவற்றுக்கும் விலை வந்தது. மல்லி எழுபத்தெட்டாயிரம். மூக்கியைக் கேட்டபோது சிரித்துவிட்டார். "அத்த வேணும்னா நீயே ஓட்டிக்கினு போ."

மாட்டு புரோக்கர்கள் இரண்டு பேருக்குப் போன் போட்டுப் பார்த்தேன். ஆயிரம், இரண்டாயிரம்தான் முன்னே பின்னே. விலை சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் ஆடிட்டர் அசல் நோட்டைத்தான் கேட்பார், காட்ட வேண்டியது அதே பக்கம். கிழிக்க மாட்டேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன், கிழிக்கவும் போவதில்லை.

ஆடிட்டிங்கில் இருக்கும் நண்பர்களே, தலையில் 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதிய சந்தை விலைப் பட்டியலை அவர் ஏற்றுக்கொள்வாரா? பத்து மணிக்கு முன்னால் பதில் போடுங்கள், ப்ளீஸ்.