இரண்டாவது குலுக்கல்

கடலரிப்பில் வீடிழந்தவர்களுக்காக எங்கள் தேவாலயப் பங்கில் புது வீடுகள் கட்டி முடித்தபோது, எந்த வீடு யாருக்கு என்பதில்தான் சண்டை தொடங்கியது. இனயத்தை அடுத்த கடற்கரை ஊர் எங்களுடையது. கிழக்குத் தெரு, மேற்குத் தெரு என்று இரண்டு தெரு, நாங்கள் மேற்கு. வீடுகள் மூன்று வரிசை. முன்வரிசைக்கும் கடற்சுவருக்கும் நடுவில் ஒரு மண்பாதை மட்டும்தான். அங்கே போக யாருக்கும் மனமில்லை.

நான் வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறவள். பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டார். "சீட்டு குலுக்கினா, மடிச்சதுல அடையாளம் வச்சதா சொல்லுவாங்க. கம்ப்யூட்டர்ல செய்ய முடியுமா?"

வேலை சின்னது. பெயர்களைக் கலைத்துப்போட்டு வீட்டு எண்களோடு சேர்க்கும் சில வரிகள், அவ்வளவுதான். ஆனாலும் எழுதி முடித்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீடிழந்தவர்களில் என் அக்காவும் ஒருத்தி. மீன் விற்றுத் திரும்பும் வழியில் வாசலில் கூடையை இறக்கினாள்.

"ஏட்டி, எனக்குக் கடைசி வரிசைதானே?"

"எனக்கெப்படித் தெரியும்க்கா? அது தானா எடுக்கும்."

"நீ எழுதினதுதானே?" என்றவள், என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் எல்லோர் முன்பும் பொத்தானை அழுத்தினேன். திரையில் பெயர்கள் விழுந்தன. அக்காவுக்குக் கடைசி வரிசை. ஆனால் முன்வரிசையில் ஏறக்குறைய எல்லாமே கிழக்குத் தெருக் குடும்பங்கள். நாற்காலிகள் இழுபட்டன. தற்செயல் என்றால் சமமாகத் தூவியதுபோல வராது, சிலநேரம் ஒரே இடத்தில் குவியும் என்று சொல்ல வாயெடுத்தேன். யாரும் கேட்கவில்லை.

கிழக்குத் தெருப் பெண் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு முன்னே வந்தாள். "மேக்குத் தெருக்காரி எழுதின கணக்கு. அவளுக்க அக்காவுக்குப் பின்னால வீடு. எங்களுக்குக் கடலு. அந்தப் பெட்டிக்குள்ள என்ன நடந்துன்னு யாராவது பாத்தியளா?"

என் வரிகளில் தப்பில்லை. ஆனால் அவள் கேட்டதும் சரிதான். கணினி உண்மையில் குலுக்குவதில்லை. ஒரு தொடக்க எண்ணை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. அதே எண்ணைக் கொடுத்தால் அதே வரிசைதான் வரும். நான் பொத்தானை அழுத்திய நொடியில் அந்த எண்ணைத் தன் கடிகாரத்திலிருந்து எடுத்துக்கொண்டது. அதை நான்கூடப் பார்க்கவில்லை.

"இத விட்டுருவோம்" என்றேன். "வீட்டுக்கு ஒரு ஆளு, ஒவ்வொரு எண்ணாச் சொல்லுங்க. எல்லாத்தையும் வரிசையாச் சேத்து அதுக்குத் தொடக்க எண்ணாக் குடுப்போம். நான் எழுதினதையும் வாட்ஸ்அப்பில போடுதேன். யாரு வேணும்னாலும் ஓட்டிப் பாக்கட்டும்."

அக்கா எழுந்து நின்றாள். தன் முறை வந்தபோது "ஏழு" என்றாள், தரையைப் பார்த்தபடி.

நீளமான எண் திரையில் நின்றது. அழுத்தினேன். கிழக்கும் மேற்கும் கலந்து வந்தன. கல்லூரியில் படிக்கும் கிழக்குத் தெருப் பெண் ஒருத்தி தன் மடிக்கணினியிலும் அதே எண்ணைக் கொடுத்து ஓட்டினாள். அதே வரிசை வந்தது. மண்டபம் அடங்கியது. முன்வரிசையின் மூலை வீடு அக்காவுக்கு. அதை ஒட்டிய வீடு, கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்கே.

வீடு மாறும்வரை அக்கா என்னோடு பேசவில்லை.

ஆடியில் கடல் ஏறியது. ஒரு காலை இரைச்சல் பொறுக்காமல் வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். சுவரைத் தாண்டி அலை விழுந்துகொண்டிருந்தது. அக்காவும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் மணல்மூட்டையை வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்துட்டு நிக்கியா? பிடி" என்றாள் அக்கா.

பிடித்தேன். தண்ணீர் படிவரை வந்து திரும்பியது.

இப்போதும் காற்று மாறினால் அவளுக்குத்தான் போன் செய்கிறேன். "இன்னும் ஏறல்ல, நீ வேலையப் பாரு" என்று வைத்துவிடுகிறாள். அதன்பிறகு எனக்கு வேலை ஓடுவதில்லை.