பலகையில் நான்கு வரி

கோடை விடுமுறை முடிவதற்குள் கலங்கரை விளக்கத்தைக் கட்டி முடித்தே தீருவது என்று பத்து வயதில் எனக்கு ஒரு வைராக்கியம். கடற்கரையில்தான் ஏற்கெனவே ஒன்று நிற்கிறதே என்று கேட்காதீர்கள். இது கம்ப்யூட்டரில், கட்டம் கட்டமான கற்களை அடுக்கி ஊரையே எழுப்பும் விளையாட்டில் கட்டியது. நானும் சித்தி மகனும் கூட்டு. தம்பி என்னைவிட ஒரு வயது சின்னவன். நிலம் அவன் பெயரில் பூட்டியிருந்தது. வேறு யாரும் அங்கே ஒரு கல்லை வைக்கவோ எடுக்கவோ முடியாது. அதனால் என்ன? முத்தியால்பேட்டையிலிருந்து நெல்லித்தோப்பில் இருக்கும் அவன் வீட்டுக்கே போய், பக்கத்தில் உட்கார்ந்து அதட்டி வேலை வாங்கினேன்.

பாதிக் கோபுரம் எழுந்தபோது அம்மாவுக்கும் சித்திக்கும் பேச்சு நின்றது. தம்பி மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் குரூப் போட்டோவுக்கு அம்மாவைக் கூப்பிட மறந்துவிட்டார்கள். சமையல்காரரோடு பிரியாணி அண்டா அருகில் நின்ற அம்மா வெளியே வந்தபோது, போட்டோகிராபர் பையை மூடிக்கொண்டிருந்தார். அக்காளும் தங்கையும் அதன்பின் போனில்கூடப் பேசவில்லை. "அந்த வீட்டு வாசப்படிய மிதிச்ச, கால ஒடிச்சிடுவேன்" என்று எனக்கும் தடை வந்தது. ஒரு போட்டோவுக்காக ஒரு கட்டடத்தையே நிறுத்துகிறார்களே என்று எனக்கு ஆத்திரம்.

விடுவேனா? கோபுர வாசலில் ஒரு பலகை நட்டிருந்தோம். ஒரு பலகையில் நான்கு வரி எழுதலாம். மாற்ற வேண்டுமானால் உடைத்துத்தான் நட வேண்டும். அவன் நிலத்தில் என்னால் அது முடியாது. ஆனால் அவரவர் வீட்டிலிருந்து எல்லோரும் சேர்ந்து ஆடும் அந்த சர்வரில், பிளகின் என்று ஒரு கூடுதல் வசதி இருந்தது. அனுமதி உள்ளவர்கள் பலகையைப் பார்த்தபடி ஒரு கட்டளையும் வரி எண்ணும் தட்டினால், உடைக்காமலே எழுத்து மாறிவிடும். சர்வரை நடத்திய காலேஜ் அண்ணன் அனுமதியைச் சும்மா கொடுக்கவில்லை. விளையாட்டுக்குள் அவர் கனகசெட்டிக்குளத்திலிருந்து நோணாங்குப்பம்வரை ரயில் விட்டிருந்தார். அத்தனை ஸ்டேஷன் பலகைகளையும் திருத்தித் தரச் சொன்னார். முதல் நாள் வரி எண்ணை மாற்றிப் போட்டு எங்கள் முத்தியால்பேட்டையையே அழித்தேன். ஆனாலும் உடும்புப் பிடியாக நின்று நாலே நாளில் முடித்து அனுமதி வாங்கினேன்.

மாலையில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் எனக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் தம்பிக்கு உத்தரவு எழுதிவிட்டு வருவேன். மறுநாள் அதே பலகையில் பதில் இருக்கும். "வெள்ளக் கல்லு ஆறு வரிச ஏத்து" என்றால் ஒரே ஒரு வரிசை, அதுவும் கோணலாக ஏறியிருக்கும். பலகையில், "சரி. பெரியம்மாவுக்கு முட்டி வலி எப்படி?"

"வலிய உடு. கண்ணு தெரியலயா உனக்கு?" என்று திருப்பினேன். மறுநாள் கோணல் நிமிர்ந்திருந்தது. கீழே, "மாத்திர போடறாங்களா?" அடுத்த நாள், "இன்னிக்கு உங்க வீட்ல என்ன கொழம்பு?" ஒன்பது வயதுப் பையனுக்கு எதற்கு இந்த விசாரணை என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். சரியான சாப்பாட்டு ராமன் என்று நினைத்துக்கொண்டு, "வஞ்சிரம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தேன்.

நான் அங்கே போவது நின்றபின் தம்பி கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லையாம். போன வருஷம்தான் சொன்னான். "நான் கிரிக்கெட்டுக்குப் பூட்டேன். அம்மாதான் தெனமும் ஒக்காந்து தட்டிக்கினு இருந்தாங்க. கல்லு வைக்க நான்தான் சொல்லிக் குடுத்தேன்." கண்ணு தெரியலயா என்று நான் கேட்டது சித்தியை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பள்ளிக்கூடம் திறக்க நாலு நாள் இருந்தது. கோபுரத்தில் இன்னும் மூன்று வரிசை பாக்கி. வெள்ளிக்கிழமை பலகையில் இப்படி இருந்தது: "ஞாயிறு ரெண்டாம் பூச முடிஞ்சி பெரியம்மாவ உங்க கோயில் பக்க கேட்டுக்கு கூட்டியா." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலையை விட்டுவிட்டுப் பூசையாம், கேட்டாம். வரி வரியாக நான்கையும் அழித்து, "மொதல்ல கோபுரத்த முடி" என்று எழுதினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பலகை விஷயம் வெளியே வந்துவிடுமே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டத்தோடு வெளியே வந்தோம். பக்கவாட்டு கேட்டில் சித்தி நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஓரடி முன்னால் வந்து நின்றாள். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இவ எதுக்குடி நம்ம கோயிலுக்கு வந்துருக்கா?"

"தெரியலம்மா" என்றேன்.

அம்மா சற்று நேரம் அங்கேயே நின்றாள். பிறகு என்னை இழுத்துக்கொண்டு முன் வாசல் பக்கம் திரும்பினாள். அவர்கள் மறுபடி பேச மூன்று வருஷம் ஆயிற்று. சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானோ, பாக்கி மூன்று வரிசை என்னவாயிற்று என்று நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க, அவளுக்குப் பின்னால் தம்பி நிற்கிறானா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.