நல்ல நேரம் பார்த்து அழித்தது

சிவகாசியில் நாள்காட்டி அச்சிடும் கம்பெனியில் வேலை பார்த்தேன். தினசரித் தாளை அச்சுக்கு அடுக்கித் தரும் கணினி நிரலை விஷுவல் பேசிக்கில் நானே எழுதியிருந்தேன். வைரஸ் தொல்லை பொறுக்காமல், சுவர் நாள்காட்டியில் நல்ல நேரம் பார்த்து விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டேன். சிடியில் எடுத்துவைத்திருந்த என் நிரல் அதில் ஓடவே இல்லை. மாற்றாகக் கிடைத்த காம்பஸ் என்ற நிரல்மொழியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. தமிழ் எழுத்தெல்லாம் வெறும் கட்டங்களாக வந்தது. திரும்பிப் போகலாமென்றால், விண்டோஸ் சிடியில் கீறல்.

“ஏலே, ஆடிப்பதினெட்டுக்கு எல்லாக் கம்பெனிக்காரனும் புது காலண்டர் ஆல்பம் காட்டுவான். நாம எதைலே காட்ட?” என்றார் முதலாளி.

நான் சுவரைப் பார்த்தேன். அழித்த நாளின் தாளை இன்னும் யாரும் கிழிக்கவில்லை. அதிலிருந்த நல்ல நேரத்தை அச்சுக்கு அடுக்கியதும் அந்த நிரல்தான்.