தேசிக்காய் நசித்த படகு

கண்ணூறு, அதைப் போக்கும் கழிப்பு, பேய், பிசாசு ஒன்றையும் நான் நம்புகிறவன் அல்லன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சிரிப்பதென்றால் சிரியுங்கள். நான் பிளம்பர். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த செயின்ட்-மிஷேலில் எத்தனையோ வீடுகளின் கழிவுக் குழாய்களுக்குள் என் வலது கை போய் வந்திருக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு அதே கையால் மத்தியானச் சோற்றைக் குழைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். அருவருப்பைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

என் மகள் ஆதிராவுக்குப் போன கோடையில் மூன்று வயது. நான் கையால் குழைத்து உருட்டித் தீத்தினால்தான் சாப்பிடுவாள், தாய் தீத்தினால் துப்பிவிடுவாள். என் மனைவி வதனிக்கு அதில் எரிச்சல், எனக்கு உள்ளூரப் பெருமை.

வதனியின் அண்ணன் நேசன் கர்க்லாண்டில் இருக்கிறார். அவர் ஒரு பழைய படகு வாங்கினார், ஒடுக்கமாக நீளமாக ரயில் பெட்டி போல. முதல் பயணம் லாஷீன் கால்வாயில் என்று ஒரு ஞாயிறு காலை எங்கள் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். புறப்படும்போதுதான் தேசிக்காய், அதுதான் எலுமிச்சம்பழம், ஒன்றை எடுத்தார். புது வாகனம் என்றால் டயருக்குக் கீழே வைத்து நசிக்க வேண்டும் அல்லவா? படகுக்கு டயர் எங்கே இருக்கிறது? மனிதர் விடுவாரா. பழத்தைப் பாதி கீறிக் குங்குமம் அடைத்து, கட்ட நூல் இல்லாமல் என் பையிலிருந்த வெள்ளை டேப்பை, குழாய் மரைக்குச் சுற்றுவதை, வாங்கிப் படகின் பக்கத்தில் தொங்கவிட்டார். முடிச்சுப் போட்டதும் நுனியைப் பல்லால் கடித்து அறுத்ததும் நான்தான்.

அந்தக் கால்வாயில் லொக் என்று கல் தொட்டிகள் இருக்கின்றன. படகை உள்ளே விட்டு முன்னும் பின்னும் கதவை மூடித் தண்ணீரை ஏற்றினால் படகு மேல்மட்டத்துக்கு வரும். முதல் லொக்கில் நேசன் படகைச் சுவரோடு சாத்தினார், தேசிக்காய் நசிந்தது, குங்குமச் சாறு பாசியில் வழிந்தது, டேப்போடு அறுந்து விழுந்ததை ஏறிவந்த தண்ணீர் மூடியது. கண்ணூறு போச்சு என்று அவருக்குப் புளுகம், வாயெல்லாம் சிரிப்பு. சுவர் முழுக்கச் சளி போலப் பச்சைப் பாசியும் செத்த சிப்பியும். இதற்குள் போய்ப் பூசை ஒரு கேடா என்று நினைத்தேன்.

அடுத்த லொக்குக்கு அரை மணி நேரம் பிடித்தது. கதவு மூடியாயிற்று, தண்ணீர் இன்னும் ஏறவில்லை. என் முகத்துக்கு நேரே இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு பொந்து. அதற்குள் ஒரு நசிந்த தேசிக்காய், குங்குமத்தோடு.

வேறு தமிழ் ஆக்கள் வந்திருப்பினம் என்று நேசன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அதில் வெள்ளை டேப் இருந்தது, என் முடிச்சு, நான் கடித்த நுனி. கையை நீட்டினேன்.

"இஞ்சேருங்கோ, கழிச்ச தேசிக்காய். தொடாதைங்கோ," என்றாள் வதனி.

கழித்ததைத் தொடக்கூடாது என்பது எனக்கும் தெரியும், தெரிந்துதான் தொட்டேன், வீம்பு. விரல் மூன்றும் உள்ளே போயின. சொன்னால் நம்புங்கள், அங்கே சூடாக இருந்தது. குழந்தையின் வாய்க்குள்ளிருந்து பாதி மென்ற சோற்றை வழித்தெடுப்போமே, அந்தச் சூடு, அந்த வழுவழுப்பு. தேசிக்காயை இழுத்தேன், வரவில்லை. பிறகு என் விரல்களை ஏதோ சூப்பியது. ஒரு முறை இல்லை, ஆறுதலாக, மெல்ல மெல்ல, ருசி பார்த்து. நான் கையைப் பறித்துக்கொண்டேன், தண்ணீர் ஏறிப் பொந்தை மூடியது. மீனாக இருக்கும் மச்சான் என்றார் நேசன். தண்ணீருக்கு மேலே எந்த மீன் இருக்கிறது?

சவர்க்காரத்தால் நாலு தரம் கழுவினேன். மத்தியானம் படகைக் கரையில் கட்டிவிட்டுப் புட்டும் மீன்குழம்பும் குழைத்து ஆதிராவுக்கு நீட்டினேன். வாயைத் திறந்தவள் கையை மணந்து ஓங்காளித்து என் மடி முழுக்கச் சத்தி எடுத்தாள். நானும் மணந்து பார்த்தேன். பீ நாற்றம் இல்லை, அதென்றால் எனக்குப் பழக்கம். இது புளித்த பாலும் சோறும் நாளாகக் கிடந்த வாய் நாற்றம். வதனி மணந்துவிட்டுச் சவர்க்காரம்தான் மணக்குது என்றாள்.

டொக்டரிடமும் காட்டியாயிற்று, கையில் ஒன்றும் இல்லையாம். நான் இப்போது கரண்டியால் சாப்பிடுகிறேன். ஆதிரா தாயிடம் துப்பாமல் சாப்பிடுகிறாள். அதைப் பார்க்க எனக்கு அழுகை வரும், சொல்ல வெட்கம்தான்.

போன கிழமை வதனி வேலையால் வரப் பிந்தியது. மனம் கேட்கவில்லை, பருப்பும் சோறும் குழைத்து ஒரு உருண்டையை நீட்டினேன். ஆதிரா முகத்தைத் திருப்பவில்லை, ஓங்காளிக்கவும் இல்லை. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து மெதுவாக மேசைக்குக் கீழே கொண்டுபோய் விட்டுவிட்டு, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பிள்ளை என்று கேட்டேன்.

"பொறுங்கோ அப்பா. அது இன்னும் முடிக்கேல்லை."

கையை வெளியே எடுத்தேன். சோறு இல்லை, தரையிலும் ஒரு பருக்கை இல்லை. விரல்கள் நகக்கண் வரைக்கும் துப்பரவாக, ஈரமாக, சூடாக இருந்தன.