கடிகாரக்காரரின் மூக்கு

எடைமேடைக்காரம்மாவுக்கு ஒரு இடத்தில் உட்காரவே வராது. வாய்த்த வேலையோ நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கிற வேலை. ஜல்லி ஏற்றிய லாரி மேடையில் ஏறும், திரையில் எண் மேலும் கீழும் ஆடும், ஆடி அடங்கினதும் பொத்தானை அழுத்திச் சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்ட வேண்டும். அடுத்த லாரி வருவதற்குள் ஓட்டமாக வெளியே போய் லோடை ஒரு நோட்டம் விட்டுவிட்டு வருவாள். டிரைவர்கள் முதலில் தங்கள் மேல்தான் சந்தேகம் என்று முறைத்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது, அம்மா தேடுவது கல்லோடு கல்லாகிப் போன சிப்பியையும் சங்கையும் என்று. அதிலிருந்து வழியில் வித்தியாசமாக எது கண்ணில் பட்டாலும் சீட்டுக்கு அடியில் போட்டுக் கொண்டுவந்து தருவார்கள். "இந்தாங்கம்மா, உங்க சொத்து" என்று கேலி வேறு.

பத்து வருஷத்தில் அந்தச் சொத்து வீட்டில் ஒரு பீரோவை விழுங்கிவிட்டது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர் தன் சட்டைகளை ஒரே தட்டில் அடக்கிக்கொண்டார். "என்னையும் ஒரு நாள் வெளிய தள்ளிட்டு அந்த இடத்துல ஒரு கல்ல வைப்பா பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கோபமெல்லாம் இல்லை, சும்மா வாய்தான்.

ஊரில் இப்படிக் கல் பைத்தியம் பிடித்தவர்கள் ஒரு பன்னிரண்டு பேர் தேறுவார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரும்புக்கடை மாடியில் நீள மேஜையைப் போட்டு உட்காருவார்கள். விற்கிறது வாங்குகிறது கிடையாது. என்னிடம் இருப்பது உனக்கு, உன்னிடம் இருப்பது எனக்கு, அவ்வளவுதான். கல் எங்கே கிடைத்தது என்று எழுதின துண்டுச்சீட்டு கூடவே போக வேண்டும் என்பது ஒரு சட்டம். கை மாறிவிட்டால் மாறினதுதான், திருப்பிக் கேட்கக் கூடாது என்பது இன்னொன்று. சட்டமாகச் சொல்லாத ஒரு பழக்கமும் உண்டு. மினுமினுக்கிற கல் எது மேஜைக்கு வந்தாலும் எடுத்தவுடன் மோந்து பார்ப்பார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். விஷயம் தெரிந்தால் சிரிக்க மாட்டார்கள். பைரைட் என்று ஒரு கல். இரும்பும் கந்தகமும் சேர்ந்து பித்தளை போலத் தகதகக்கும். அதில் சிலதுக்கு ஈரக்காற்று ஆகாது, சீக்கு வந்துவிடும். முதலில் தீக்குச்சி உரசின வாசனை, அப்புறம் வெள்ளைப் பொடி, கடைசியில் கல்லே உதிர்ந்து மண்ணாகும். தான் மட்டும் போனால் தொலையட்டும் என்று விடலாம். அதிலிருந்து கசிகிற அமிலம் பெட்டியை அரிக்கும், சீட்டை அரிக்கும், பக்கத்துக் கல்லையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் ஓயும்.

அந்த மேஜையில் மோந்து பார்க்க வழியில்லாதவர் ஒரே ஒருத்தர், கடிகாரக்காரர். கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்க்கிறவர், அறுபதைத் தாண்டினவர். ஆறு வருஷத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் போகிறபோது அவர் மூக்கின் வேலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. பால் தீய்ந்தாலும் தெரியாது, மழை மண்ணின் வாசனையும் தெரியாது. அன்றிலிருந்து மேஜையில் எடைமேடைக்காரம்மா பக்கத்தில்தான் உட்காருவார். சந்தேகமான கல்லை அவள் பக்கம் தள்ளி, "தங்கச்சி, மோந்து பாத்துச் சொல்லு" என்பார். "வேணாம்ணே" என்றால் அந்தக் கல்லை அப்படியே வைத்துவிடுவார். "எடுத்துக்கங்க" என்றால் பைக்குள் போடுவார். ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்டதில்லை.

அவரிடம் ஒரு கடல் அல்லி இருந்தது. பேர்தான் அல்லி, பூ இல்லை, எப்போதோ கடலடியில் வாழ்ந்த உயிர். தண்டு, கிண்ணம், விரித்த கைகள் எல்லாம் ஒரு விரல்கூட உடையாமல் சாம்பல் கல்லில் படுத்திருந்தது. எடைமேடைக்காரம்மாவுக்கு அதன் மேல் நாலு வருஷமாகக் கண். கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "பைரைட்டுல முழுசா ஒரு சுருள் சங்கு கொண்டா, அப்புறம் பாக்கலாம்" என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார்.

அப்படி ஒரு சங்கு அவளிடம் இருக்கத்தான் செய்தது. உள்ளங்கை அகலம், சுற்றுச் சுற்றாகப் பளபளவென்று. கொடுக்க மனசு வராமல் வைத்திருந்தாள். ஒரு நாள் பீரோவைத் திறந்தபோது தீக்குச்சி வாசனை. எடுத்துத் திருப்பினால் அடியில் சுண்ணாம்பு தடவினது போல வெள்ளைப் பொடி.

என்ன செய்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? பத்து வருஷ அனுபவம். வெளியே எடுத்து, தனியாக ஒரு டப்பாவில் போட்டு, போனது போகட்டும் என்று விட்டிருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. பழைய பல் பிரஷ்ஷால் பொடியைத் தேய்த்தெடுத்தாள், ஸ்பிரிட்டில் கழுவினாள், மொட்டைமாடியில் காய வைத்தாள், மகளுடைய நிறமில்லாத நகப்பூச்சை எடுத்து இரண்டு தடவை பூசினாள். வாசனை அமுங்கிவிட்டது. முழுசாக இல்லை. கிட்டத்தில் வைத்து நன்றாக இழுத்தால் தெரியும். கடிகாரக்காரருக்கு எவ்வளவு இழுத்தாலும் தெரியாது. அந்தக் கணக்கும் அவள் மனசில் ஓடியது, அதை இங்கே மறைத்து என்ன பிரயோஜனம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடிகாரக்காரர் கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு சங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் பல். "மோந்து பாத்துட்டல்ல?" என்றார்.

"ம்" என்றாள்.

எதிரே இருந்தவர் மோந்து பார்க்கக் கையை நீட்டினார். "தங்கச்சி பாத்தாச்சுப்பா" என்று சொல்லிச் சங்கைப் பைக்குள் போட்டுக்கொண்டார் கடிகாரக்காரர். கடல் அல்லி அவள் மடிக்கு வந்தது.

நாலு வருஷம் ஆசைப்பட்டது கைக்கு வந்து நாலு நாள்கூட அதை நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. முதலில் மேல் தட்டில் வைத்தாள். அப்புறம் கீழ்த்தட்டு. அப்புறம் ஒரு துணியைப் போட்டு மூடினாள். மூன்றாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்கிற ரகமில்லை, சுவரெல்லாம் வியர்க்கிற அடைமழை. அன்றைக்கென்று கடிகாரக்காரரிடமிருந்து போன்.

"உன் சங்கை எங்க வச்சிருக்கேன் தெரியுமா? என் மீனுக்குப் பக்கத்துல. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சவால் விடுது போ."

மீன் என்றால் அவர் இருபத்தேழு வயசில் தன் கையாலேயே தோண்டி எடுத்த பைரைட் மீன். செதில் செதிலாக எண்ணலாம். அவருக்குப் பிள்ளைகுட்டி இல்லை. மனைவி போன பிறகு அந்த மீனும் அதைச் சுற்றியிருக்கிற நாற்பது சொச்சம் மினுங்கற்களும்தான் அவர் குடும்பம் என்று கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அத்தனையும் கடையில் ஒரே இழுப்பறையில்.

அதன்பிறகு எடைமேடையில் அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எண் ஆடி அடங்குவதற்குள் பொத்தானை அழுத்திவிட்டு, லாரியை இறக்கி மறுபடி ஏறச் சொல்ல வேண்டியிருந்தது. போன லாரியின் சீட்டை வந்த லாரிக்கு நீட்டினாள். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று டிரைவர்களே கேட்டார்கள். தூறல் போட்டால் எழுந்து நிற்பாள். தூறல் நின்றால் உட்காருவாள்.

புதன்கிழமை வேலை முடிந்ததும் அல்லியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிக் கடைக்குப் போனாள். சுவர் முழுக்கக் கடிகாரம், ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டியது. "அண்ணே, சங்கைத் திருப்பிக் குடுத்திருங்க. உங்க அல்லி இந்தா இருக்கு."

"சட்டம் தெரியும்ல?"

"தெரியும்ணே. மனசு கேக்கல."

கடிகாரக்காரர் சிரித்தார். "யாரோ அதோட அருமையை உன்கிட்ட இப்பதான் சொல்லியிருக்காங்க. நான் முந்திக்கிட்டேன், நீ ஏமாந்துட்ட. போய் வேலையப் பாரு தங்கச்சி."

திரும்பி வந்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி போனாள். இந்த முறை அல்லியோடு, ஊதாக் கட்டம் கட்டமாக வளர்ந்த ஒரு படிகம், முழு இலை பதிந்த ஒரு பலகைக் கல். பீரோவிலேயே நல்லதாக இரண்டு. ஒன்றுக்கு மூன்று என்றால் யாராவது வேண்டாம் என்பார்களா என்பது அவள் எண்ணம். அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டாள். கல் சேர்க்கிறவனிடம் ஒன்றுக்கு மூன்று கொடுத்தால் அந்த ஒன்று எவ்வளவு பெரிசு என்றுதான் அவன் புத்தி போகும்.

கடிகாரக்காரரின் சிரிப்பு நின்றது. "அடிமடியிலேயே கை வைக்கப் பாக்குறியே" என்றார். அவள் கண்ணெதிரிலேயே இழுப்பறையை இழுத்து, சங்கை எடுத்து, மீன் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடினார். "இனிமே ரெண்டுக்கும் ஒரே பூட்டு." சாவியைச் சட்டைப்பையில் போட்டு ஒரு தட்டு வேறு தட்டிக்கொண்டார்.

மீனைக் காப்பாற்றப் போய்ச் சீக்குக் கல்லோடேயே ஒரே கூட்டில் அடைத்துவிட்டு வந்த கதையாகிவிட்டது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"இவ்வளவுதானே. கல்லுக்கு ஒடம்பு சரியில்ல, வெளிய எடுத்து வைங்கன்னு சொல்லிடு" என்றார் அவர்.

"அதச் சொல்லிரலாம். பன்னெண்டு பேரு இருக்கறப்ப ஏன் என்கிட்ட குடுத்தேன்னு கேப்பாரே."

அவர் வாயைத் திறந்தார், ஏதோ கேலிதான் வந்திருக்க வேண்டும், அப்படியே மூடிக்கொண்டார். பிறகு, "கேட்டா சொல்லு" என்றார்.

ஞாயிறு காலை கடை திறக்கிற நேரத்துக்கே போய் நின்றாள். கடிகாரக்காரர் மேஜை விளக்கைப் போட்டு, ஒரு கைக்கடிகாரத்தின் முதுகைத் திறந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

"அண்ணே, அந்தச் சங்குக்குச் சீக்கு. உடனே வெளிய எடுங்க. மீன் போயிரும்."

"ஓஹோ. முந்தாநாள் மூணு கல்லு குடுத்தாவது வாங்கிரணும்னு நின்ன. இன்னிக்கு அதுக்குச் சீக்கு. நல்லாத்தான் கதை விடற."

"சத்தியமாண்ணே. பெட்டியத் தொறந்து மோந்து..." வாயிலிருந்து வந்தேவிட்டது.

"யாரை மோந்து பாக்கச் சொல்ற?" அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அவளுக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாம் போலத்தான் இருந்தது. மீன் ஞாபகம் அவளை ஓட விடவில்லை. "அதனாலதாண்ணே உங்ககிட்ட குடுத்தேன்" என்றாள். "வேற யாரா இருந்தாலும் மோந்து பாத்து வேணாம்னு வச்சிருப்பாங்க. உங்களால முடியாது. அல்லி மேல இருந்த ஆசையில செஞ்சுட்டேன்."

அவர் உருப்பெருக்கியைக் கண்ணிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், நாலு வார்த்தை திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை.

"அன்னிக்கு ம்னு சொன்னியே" என்றார்.

சாவியை எடுத்தார். பெட்டியைத் திறந்து சங்கை எடுத்து வாசற்படிக்கு வெளியே, மழை நனைக்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அப்புறம் இழுப்பறையை முழுசாகக் கழற்றி மேஜையில் வைத்து, எதிர் நாற்காலியைக் காலால் தள்ளினார். "உக்காரு. ஒவ்வொண்ணா பாத்துச் சொல்லு. நான் வேற யார்கிட்ட போறது?"

அவள் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கல்லாக எடுத்து மூக்கருகே வைத்து, பயந்து பயந்து மூச்சை இழுத்தாள். சங்கு முதலில் இருந்த மூலையில், பக்கத்திலிருந்த இரண்டில் அந்த வாசனை இருந்தது. "இதுல இருக்குண்ணே. இதுலயும்." அவர் ஒன்றும் கேட்காமல் வாங்கி அவற்றை ஓரமாக வைத்தார். நாற்பது சொச்சத்தையும் பார்த்தாகிவிட்டது. மீனை அவர் கடைசியாகத்தான் நீட்டினார், இரண்டு கையாலும்.

அவள் தலையிலிருந்து வால் வரை மோந்தாள். திருப்பி அடியில் மோந்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் மோந்தாள். கல் வாசனையைத் தவிர ஒன்றுமே இல்லை. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மீனுக்கு ஒண்ணும் ஆகலண்ணே. சுத்தமா இருக்கு."

கடிகாரக்காரர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மீனை அவள் கையிலிருந்து வாங்கி, தன் மூக்குக்குக் கிட்டத்தில் வைத்து, தானே மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார்.