பாதி வெளுத்த பெட்ஷீட்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய பெட்ஷீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சின்னாளப்பட்டிக்கு பஸ் ஏறினேன். 'இதைத் தூக்கிக்கிட்டு எங்கே?' என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. மனைவி ஜோதி இறந்து மூன்று வருஷமாகிறது.

கொஞ்ச நாளாக எனக்கு ஒரு பழக்கம்... துணி டிசைன் ஆர்ட்டிஸ்ட்டுகளின் வீடியோ பார்ப்பது. ஒருவர் வெங்காயத் தோலை வேகவைத்துச் சாயம் எடுக்கிறார். இன்னொருவர் துருப்பிடித்த ஆணிகளைத் துணியில் சுற்றி ஊறப்போட்டு, கறையையே டிசைனாக்குகிறார். ரிட்டையரான ஒருத்தனுக்கு இதெல்லாம் எதற்கு? அந்த வீடியோக்களில் யாரும் பேசுவதில்லை, கைகள் மட்டும் வேலை செய்யும். என் வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. செட் ஆகிவிட்டது!

அப்படி நான் கண்டுபிடித்தவர்தான் கௌசல்யா. சின்னாளப்பட்டியில் சேலைகளுக்கு டிசைன் போடும் இளம்பெண். பேகம்பூரில் ஏதோ ஒரு கடை ஷட்டரின் துருவைப் போட்டோ எடுத்து, அதை முந்தானையில் இறக்கியிருக்கிறார். செம்பட்டியில் நின்ற லாரியின் ஒட்டுப்போட்ட தார்ப்பாய் இன்னொரு சேலையில். அதே வழியில்தானே நானும் முப்பது வருஷம் வேலைக்குப் போய் வந்தேன்? என் கண்ணில் ஏன் படவில்லை?

அவர் காலையில் நடத்தும் அரைநாள் வகுப்புக்கு ஒரே கண்டிஷன் — வீட்டில் புழங்கிய துணியோடு வரவேண்டும். அதன் மேல்தான் அச்சுக்கட்டை வைத்து டிசைன்.

நானும் ஏழு பெண்களும். கட்டையைத் தொடுமுன் அவரவர் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கச் சொன்னார். எங்கே நைந்திருக்கிறது, எங்கே வெளுத்திருக்கிறது... டிசைன் அங்கிருந்துதான் தொடங்குமாம்.

என்னுடையது நீல பெட்ஷீட், டபுள் காட் சைஸ், ஜோதி போனபிறகு வாங்கியது. இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். ஒரு பாதி வெளுத்து, நைந்து கிடந்தது. மறுபாதி வாங்கிய நிறம் மாறாமல் அப்படியே இருந்தது.

"சார், எப்பவும் ஒரே பக்கந்தான் படுப்பீகளா?" என்றார் கௌசல்யா.

"ஆமாம்மா."

"துவைச்சு விரிக்கிறப்ப தலைமாட்டக் கால்மாடா மாத்தி விரிக்கணும் சார். இல்லாட்டி இம்புட்டு வித்தியாசம் வந்துரும்."

ஜோதி இருந்தவரை எங்கள் வீட்டு பெட்ஷீட் எதுவும் இப்படிப் பாதி வெளுத்ததில்லை. அப்படியானால் மாற்றி மாற்றித்தான் விரித்திருக்கிறாள்! அது எனக்கு இப்போது, முன்பின் தெரியாத ஏழு பேர் நடுவில் தெரிகிறது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

கௌசல்யாவுக்குப் புரிந்துவிட்டது. "எங்கிட்டு அச்சு வைக்கலாம்னு செத்த நேரம் யோசிங்க சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

வெளுத்த பாதியை டிசைன் போட்டு மறைத்துவிடலாம்தான். நிறம் மாறாத பாதியில் கட்டையை வைக்க மனசு வரவில்லை. அது கட்டிலில் அவள் படுத்த பக்கம் விரிந்து கிடந்தது. மூன்று வருஷமாகத் தூக்கத்தில்கூட நான் அங்கே உருண்டதில்லை. காலியாக இருக்கிறவரை அது அவளுடையதாகவே இருக்கும் என்று ஒரு கிறுக்குத்தனம்.

கடைசியில் ஒன்றும் செய்யாமல் மடித்தேன்.

"வீட்டுக்குப் போயி மாத்தி விரிங்க சார். அந்தப் பாதியும் வெளுக்கட்டும். பெறகு கொண்டாங்க, சேத்து டிசைன் போடுவோம்" என்றார் கௌசல்யா.

வீட்டுக்கு வந்ததும் மாற்றி விரித்தேன். வெளுத்த பாதி ஜோதியின் பக்கம் போய்விட்டது. நிறம் மாறாத பாதி என் பக்கம். அதில் படுக்கக் கூச்சமாக இருந்தது. பழகிய பாதியைத் தேடி, முதல் தடவையாக அவள் பக்கம் போய்ப் படுத்தேன்.

மத்தியான வெயில். இரண்டே நிமிஷத்தில் முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. ஃபேன் காற்று முழுக்க என் பக்கம். ஜன்னல் காற்றை பீரோ மறைக்கிறது. பீரோவை அங்கே வைக்கச் சொன்னதும் நான்தான்.

இருபத்தெட்டு வருஷம்... ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே, ஜோதி!