இன்சீன் வீட்டு இரும்பு அடுப்பு

எங்கள் வீட்டில் ஓர் இரும்பு அடுப்பை வைப்பதா வேண்டாமா என்று ஏறக்குறைய ஒரு மாதம் பேச்சு நடந்தது. நான் அப்போது பர்மாவில் வளர்ந்துகொண்டிருந்த பத்து வயதுச் சிறுமி. அந்த அடுப்பு எங்களுக்கே வரவேண்டும் என்று என்னைப் போல் வேறு யாரும் ஏங்கியிருக்க முடியாது. கடைசியில் அதை வரவிடாமல் செய்ததும் நான்தான்.

அடுப்பு அத்தை வீட்டில் இருந்தது. அத்தை, அப்பாவின் தங்கை. மாமா இன்சீன் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் இறந்த பிறகும் அத்தையையும் மகளையும் அந்த ரயில்வே வீட்டிலேயே இருக்க விட்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்து வீடு. சமையலறைச் சுவரை ஒட்டி, பீரோவைப் படுக்க வைத்ததுபோல் அந்த அடுப்பு கிடந்தது. மேலே நான்கு வட்ட மூடிகள், நடுவில் கனத்த கதவு போட்ட ஓவன், பக்கத்தில் வெந்நீர்த் தொட்டி, அதற்கு ஒரு பித்தளைக் குழாய். ஒரு தடவை கரியைப் பற்றவைத்தால் சோறு, குழம்பு, வெந்நீர், கேக் எல்லாம் ஒரே தீயில் ஆகிவிடும்.

துறைமுகத்தை ஒட்டிய போட்டாதாங்கில் எங்கள் மூன்றாவது மாடி வீட்டில் மின்சார அடுப்பு. மின்சாரம் போனால் பால்கனியில் சின்னக் கரியடுப்பு. தெருவில் "மீ லா பீ" என்று குரல் கேட்டால் மின்சாரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அம்மா பாதி வெந்த சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவாள்.

ஞாயிறுதோறும் அப்பா என்னை ஊரைச் சுற்றிவரும் வட்ட ரயிலில் இன்சீனுக்கு அழைத்துப் போவார். அம்மா வரமாட்டாள். துவைக்கிற வேலை கிடக்கிறது என்பாள்.

அத்தை மகளுக்கும் என் வயதுதான். ஓவன் கதவைத் திறக்கும் உரிமை அந்த வீட்டில் அவளுக்கு இருந்தது. துணியை நாலாக மடித்துக் கைப்பிடியைப் பற்றி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு திறப்பாள். ரவை கேக்கின் வாசனை வீடு முழுக்கப் பரவும். நான் கிட்டே போனால், "தள்ளி நில்லு, உனக்குப் பழக்கமில்ல" என்பாள். அப்பா முதல் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "எம் மருமக கை பட்டாலே தனி ருசி" என்று அவள் தலையைத் தடவுவார். என் தலையை அப்பா அப்படித் தடவியதாக எனக்கு நினைவில்லை. கேக் எனக்கும் பிடிக்கும். ஆனாலும் பாதியை வேண்டுமென்றே தட்டில் மிச்சம் வைப்பேன். அதை யாரும் கவனிக்கவில்லை என்பது இன்னும் எரிச்சலூட்டும்.

ஒருநாள் வழக்கமில்லாமல் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, மலேசியாவுல ஒரு வீட்டுல வேல கெடச்சிருக்கு. ரெண்டு வருசம். குவார்ட்டர்சையும் திருப்பிக் குடுக்கச் சொல்லிட்டாங்க. அந்த அடுப்ப நீங்க எடுத்துக்கோங்க."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. சமையலறைக்கு ஓடி, நூலைப் பிடித்துச் சுவரை அளக்கத் தொடங்கிவிட்டேன். தண்ணீர்ப் பீப்பாயை நகர்த்தினால் அடுப்புக்கு இடம் உண்டு.

அம்மா ஒவ்வொரு காரணமாகச் சொன்னாள். அவ்வளவு கனத்தைப் பலகைத் தரை தாங்காது என்றாள். அப்பா கொத்தனாரைக் கூட்டிவந்தார். ஓரமாக வைத்தால் தாங்கும் என்றார் அவர். புகை மேல்வீட்டுத் துணியில் படியும் என்றாள். மேல்வீட்டுப் பர்மாக்கார அம்மா, புகைக்குழாயைச் சந்துப் பக்கம் திருப்பிக்கொண்டால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று சிரித்தபடியே சொல்லிவிட்டாள். மாடிப்படி குறுகல் என்றாள் அம்மா. துறைமுகத்துச் சுமைகாரர்கள் நாலு பேர் போதும் என்றார் அப்பா.

தடைகள் ஒவ்வொன்றாக விலக விலக எனக்குக் குதூகலம். அம்மா மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள்.

"உனக்கு என்னதான் பிரச்சினை?" என்று அப்பா ஒருநாள் கேட்டார்.

"ரெண்டு ரூம் வீடு. வேற என்ன சொல்ல?" என்றாள் அம்மா.

அடுத்த ஞாயிறு, பெரியவர்கள் வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது, சமையலறையில் அத்தை மகளிடம் நெடுநாள் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். "அடுத்த மாசம் இது எங்க வீட்டு அடுப்பு. இனிமே கதவ நான்தான் தொறப்பேன். நீதான் தள்ளி நிக்கணும்."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டாள்: "சரி. எனக்கு எங்க பாய் போடுவீங்க? உன்கூடவா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் காதெல்லாம் சுட்டது. அடுப்போடு இவளும் வருகிறாள். எங்கள் வீட்டில் நின்று எங்கள் அடுப்பைத் திறப்பாள். அப்பா தினமும் அவள் தலையைத் தடவுவார்.

அவள் கரி எடுக்கப் பின்பக்கம் போனாள். நான் துணி இல்லாமலே கைப்பிடியைப் பற்றி இழுத்தேன். அவள் திரும்பி வருமுன் ஒரு தடவையாவது திறந்துவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். விரல்கள் பொரிந்துபோயின. கதவு அசையக்கூட இல்லை. அழுகையை அடக்கி, கையைப் பாவாடை மடிப்பில் ஒளித்துக்கொண்டு ரயிலில் வந்து சேர்ந்தேன்.

வீட்டில் அம்மா கையைப் பார்த்ததும், "அவ தள்ளிவிட்டா" என்றேன்.

அப்பா என் எதிரில் குந்தி உட்கார்ந்தார். "நெசமா சொல்லு. அவளா?"

"ஆமா."

அம்மா குறுக்கே வந்தாள். "புள்ள கையே வெந்து கெடக்கு. இன்னும் என்ன விசாரண?"

மறுநாள் அப்பா தனியாக இன்சீன் போய்வந்தார். தான் தள்ளவில்லை என்று அத்தை மகள் சொன்னாளாம். அதோடு அவளையும் அடுப்பையும் கொண்டுவரும் பேச்சை அப்பா விட்டுவிட்டார். அத்தை மலேசியா போனாள். அவள் மகளை ஆற்றுக்கு அக்கரையில் கியாக்தானில் மாமாவின் அண்ணன் வீட்டில் விட்டார்கள். அடுப்பை எடுத்துக்கொள்ள ஆளில்லாமல், பழைய இரும்பு வாங்குகிறவர்கள் வந்து சம்மட்டியால் உடைத்துக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வீட்டிலேயே இருந்தார். அம்மா அன்றைக்கெல்லாம் கோழிக்கறி வைப்பாள். அப்பா சாப்பிட்டுவிட்டுப் பால்கனியில் போய் உட்கார்ந்துகொள்வார்.

என் பொய்யை அம்மா நம்பிவிட்டாள் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்தப் பாவம் முழுக்க என்னுடையது என்றும் நினைத்திருந்தேன். எனக்கென்று ஒரு சமையலறை வந்து, சூடு பட்ட தழும்புகள் என் கையிலும் சேர்ந்த பிறகுதான் வேறொன்று உறைத்தது. தள்ளிவிடப்பட்டவள் கையை ஊன்றுவாள். சூடு உள்ளங்கையில் விழும், முழங்கையில் விழும். நான்கு விரல்களின் உட்புறம் வரிசையாகக் கோடு விழாது. தினமும் அடுப்போடு நின்ற அம்மாவுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. அன்று அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். நிதானமாகப் பற்பசை தடவினாள். எப்படிப் பட்டது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவளும் என்னைப் போலவே எத்தனையோ ஞாயிறுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு கழித்தவள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.